கோல்ஃப் பையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நான் கட்டிலில் குப்புறப் படுத்து, முதுகில் வெந்நீர்ப் பையோடு இதை எழுதுவதால், நலம் என்ற சொல்லைத் தங்களுக்கும் தங்கள் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் ஒதுக்கிவைக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அது தலையணையின் கோணல். முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பணி ஓய்வுக்குத் தாங்கள் அன்பளிப்பாக அனுப்பிய கோல்ஃப் பையை, அதன் மட்டைகள், கையுறை, தொப்பி சகிதம், வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து எடுத்துச்செல்ல வேண்டும். வரவில்லையென்றால் கீழ்வீட்டுப் பல் டாக்டரிடம் கொடுத்துவிடுவேன். இன்றைக்கு அவர் இருக்கும் மனநிலையில் அந்த மட்டைகளை யார்மேல் பயன்படுத்துவார் என்பதற்கு நான் பொறுப்பல்ல. 'தாங்கள்' என்பதும் இந்த வரியோடு சரி. இனி 'நீ'தான், மச்சான். இடுப்பு வலிக்கும்போது மரியாதையை இழுத்துப் பிடிக்க முடியவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் என் ஆத்திரம் அடங்கும். லாரி எடைமேடையில் இத்தனை வருஷம் உட்கார்ந்து எழுந்து, மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த மாதம்தான் உன் பை வந்து இறங்கியது. அதே மாதம்தான் உன் அக்கா திரைச்சீலை மாட்டுகிறேன் என்று முக்காலியில் ஏறி, முக்காலி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக விழ, இடது இடுப்பில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கல்யாண ஆல்பம் காட்டுகிற பெருமையோடு காட்டினார். பிசியோகாரரும், "இனிமே வாக்கர் எதுக்கும்மா? அந்தக் காலை நம்பி ஊனுங்க, போதும்" என்று தினமும் சொல்லிப் பார்த்தார். தட்டச்சுப் பள்ளியில் ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே கனைப்பில் அடக்கியவள் உன் அக்கா. அவளோ, "ஊனலாம். ஆனா அது என் கால் மாதிரியே இல்லியே" என்று சொல்லி, வலது காலிலும் வாக்கரிலுமாகவே வீட்டைச் சுற்றிவந்தாள். இடது கால் விருந்தாளி மாதிரி கூடவே வரும், ஒரு வேலையும் செய்யாது. பிசியோகாரர் கடைசியில் கைகழுவிவிட்டார். "எலும்பு ரெடி சார், அவங்கதான் ரெடி இல்ல" என்று சொல்லிவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார். இப்படியே விட்டால் வாக்கர்தான் வாழ்க்கை என்று போகிறபோக்கில் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

நான் என்ன செய்ய முடியும்? அவள் எங்கே போனாலும் இடது பக்கம் நான். கையை நீட்டியபடியே நடப்பேன். சமையலறைக்குப் போனால் சமையலறைக்கு, பால்கனிக்குப் போனால் பால்கனிக்கு. ஒருநாள் அவள் நடுவழியில் நின்றுவிட்டாள். "என்னங்க, கொஞ்சம் வேற எங்கயாவது பாருங்களேன். விழுந்துடுவேன் விழுந்துடுவேன்னு நீங்க பாக்குறதைப் பாத்தாலே எனக்குக் கால் நடுங்குது" என்றாள். "நான் பாக்கலேன்னா யாரு பாப்பா?" என்றேன். "சுவரைப் பாருங்க" என்றாள். சுவரைப் பார்த்தேன், ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன், அதையும் அவள் பார்த்துவிட்டாள். எனக்குப் பயம், மச்சான். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? முக்காலி சாய்ந்த சத்தம் கேட்டு ஓடிவந்தபோது அவள் கிடந்த கிடை இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கடைசியில் அவளே வாக்கரால் தரையைத் தட்டி, "என் தம்பி அனுப்பின பை சும்மாதானே கிடக்கு. அதைத் தூக்கிட்டுப் போய் எதையாவது அடிச்சிட்டு வாங்க. ஒரு மணி நேரம் நான் நிம்மதியா இருக்கேன்" என்று என்னைத் துரத்திவிட்டாள். ஆக, நான் கோல்ஃப் கற்கப்போனது ஆசையால் அல்ல, நாடுகடத்தப்பட்டதால்.

சோபா கடைக்கு மேல்மாடியில் ஒரு கோல்ஃப் பயிற்சிக்கூடம் இருக்கிறது. உள்ளே புல்லும் கிடையாது, குழியும் கிடையாது. ஒரு வலை, ஒரு பச்சைப் பாய், சுவரில் ஒரு பெரிய திரை. கோச் ஒரு பெண், நம் வீட்டுப் பிள்ளை வயதுதான் இருக்கும், எந்நேரமும் எதையோ மென்றுகொண்டே பேசுவாள். பாயில் இரண்டு பலகைகளைப் பதித்திருந்தாள், காலுக்கு ஒன்று. "ஏறி நில்லுங்க சார். எந்தக் காலால தரையை எவ்வளவு மிதிக்கிறீங்கன்னு காட்டும்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என்ன இருந்தாலும் எடைமேடை அல்லவா? ஏறி நின்றேன். திரையில் எழுபத்திரண்டு. சரியான எடை. கௌரவமான மெஷின் என்று மனதுக்குள் பாராட்டினேன். "இப்ப அடிங்க" என்றாள். மட்டையைப் பின்னால் தூக்கினேன், எண்கள் தாறுமாறாக ஓடின, உடனே அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் தொழிலில் ஓடுகிற எண்ணை எழுதினால் வேலை போய்விடும். வண்டி ஆடக்கூடாது, இன்ஜின் உறுமக்கூடாது, கிளீனர் படிக்கட்டில் தொங்கக்கூடாது, எண் நின்ற பிறகுதான் சீட்டு. மட்டை தலைக்கு மேலே, இடுப்பு திருகியபடி, நான் எண் நிற்பதற்காகக் காத்திருந்தேன். கோச் மெல்லுவதை நிறுத்திவிட்டு, "சார், ஏன் நின்னுட்டீங்க? பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டாள். "எண் நிக்கட்டும்மா" என்றேன். "அது நிக்கக்கூடாது சார். நின்னா அடிக்கவே முடியாது" என்றாள்.

சரி என்று நிற்காமல் அடித்தேன். பந்து நான்கு அடி உருண்டு, வெட்கப்பட்டு நின்றது. அது போகட்டும். திரையைப் பார்த்தேன். அடிக்கத் தொடங்கும்போது என் எடை அறுபத்தைந்துக்கு இறங்கி, பந்தை அடிக்கும் நேரம் எண்பத்தொன்றுக்கு ஏறியிருக்கிறது. ஒரே ஆள், ஒரே இடம், மூன்று எடை. என் மேடையில் இது நடந்திருந்தால் சீல் வைத்து என்னையும் உள்ளே வைத்திருப்பார்கள். "என்கிட்ட இல்லாத ஒன்பது கிலோ எங்கேருந்து வந்தது?" என்று கேட்டேன். அவள், "ஒன்பதுதானே வந்திருக்கு, பத்தாது சார். நல்லா ஆடுறவங்களுக்கு இன்னும் எவ்வளவோ ஏறும்" என்று சொல்லி என்னை மேலும் கலவரப்படுத்தினாள். பிறகு பொறுமையாகத்தான் விளக்கினாள். அடிக்கும் முன்னால் கொஞ்சம் உட்காருகிற மாதிரி முழங்காலை மடக்குகிறோமாம், அப்போது தரைமேல் பாரம் குறைகிறதாம். அப்புறம் இடது காலை ஊன்றி நிமிரும்போது தரையை நம் எடைக்கு மேலேயே தள்ளுகிறோமாம். நாம் எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு தரையும் நம்மைத் திருப்பித் தள்ளுமாம். அந்தத் தள்ளல்தான் கால்வழியாக ஏறி, இடுப்பைச் சுழற்றி, தோளுக்கும் கைக்கும் போய், மட்டையின் நுனியில் வேகமாக வருகிறதாம். "கையால அடிக்கிறோம்னு நினைக்கிறீங்க. அடிக்கிறது தரைதான் சார்" என்றாள். தரை சும்மா கிடக்கும், அதன்மேல் லாரி நிற்கும், இதுதான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானம்.

விடுவேனா? மறுநாள் பழைய ஆபீசில் கெஞ்சி, முத்திரை குத்திய இருபது கிலோ எடைக்கல் இரண்டை வாங்கி, கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினேன். சோபா கடைக்காரர் வழியில் மூன்று தடவை உட்காரச் சொன்னார், மூன்று தடவையும் விலை சொன்னார். பலகைக்கு ஒன்றாகக் கல்லை வைத்தேன். நாற்பது காட்டியது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அது தப்பாகக் காட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கோச் கல்லைக் குனிந்து பார்த்துவிட்டு, "இரும்பு தரையைத் தள்ளாது சார், அதான் சொன்ன எடையோட நிக்குது. நீங்க தள்ளலாம். ஆனா நீங்களும் இரும்பு மாதிரியேதான் நிக்கிறீங்க" என்றாள். பிறகு என் காலடிக் கோடுகளைத் திரையில் போட்டுக் காட்டினாள். வலது கால் கோடு மலை மாதிரி. இடது கால் கோடு தரையோடு தரையாக. "இடது கால்ல ஏதாவது அடிபட்டிருக்கா?" என்று கேட்டாள். "எனக்கில்ல, வீட்ல" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "எப்பவும் வலது பக்கமாவே சாஞ்சு நிக்கிறீங்க சார். அந்தப் பக்கம் யாரோ விழப்போறாங்க, பிடிக்கணும்ங்கிற மாதிரி" என்றாள். மச்சான், எடைக்கல்லைத் தூக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவள் நல்ல பெண், தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் வாக்கரின் பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி, அந்தக் காலைப் பழக்குங்க. ரெண்டு பேருல ஒருத்தராவது நேரா நிக்கலாம்" என்றாள். அவ்வளவுதான், நான் போய்க் குளியலறையில் வைப்பார்களே அந்த எடை பார்க்கும் மெஷின், முள் வைத்தது, இரண்டு வாங்கிவந்து கூடத்தில் போட்டேன். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அடிப்பவன் பந்தைத்தான் பார்க்க வேண்டும், முள்ளைப் பார்த்தால் மட்டை சுவரைப் பார்த்துப் போகிறது. அப்படித்தான் நீ வாங்கித் தந்த சுவர் விளக்கு போனது. ஆகவே முள்ளைப் படிக்கும் வேலை உன் அக்காவுக்கு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வகுப்பெடுக்கிற அதே குரலில், "வலது ஐம்பத்தஞ்சு. இடது பதினேழு. இது கால் இல்ல, ஊறுகாய். மறுபடியும்" என்பாள். பந்துக்குப் பதில் உருட்டிய சாக்ஸ். ஒவ்வொரு நாளும் காலையில் இது ஒரு வேலையாகிவிட்டது. சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ மாதத்தில் முதல்முறையாக அவளைப் பார்க்காமல் இருந்தேன்.

அது யாருக்குப் பொறுக்கும்? கீழே பல் டாக்டர். அவர் நாற்காலி சரியாக எங்கள் கூடத்துக்கு அடியில். ஒருநாள் முகமூடியும் கையுறையுமாக மேலே வந்துவிட்டார். "சார், நீங்க மேல தொம்முன்னு மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் கீழ பேஷன்ட் வாயை மூடிடுறார். உள்ள என் விரல் இருக்கு" என்றார். நியாயமான புகார்தான். நான் தரைக்கும் எனக்கும் உள்ள கொடுக்கல்வாங்கலை விளக்கினேன். அவர், "தரை உங்களைத் திருப்பித் தள்ளுதோ இல்லியோ, அந்தத் தரை எனக்குக் கூரை" என்றார். உன் அக்கா சமாதானம் பேசி, அவர் கிளினிக் திறக்கும் முன்னால் முடித்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்து அனுப்பினாள்.

இனி இன்றைய காலை. பெரிதாக அடிக்கப்போகிறோம் என்று ஏற்பாடு. உன் அக்காவே கிளப்பிவிட்டாள். "இன்னிக்காவது இடது காலை நம்பி மிதிங்க. பாத்துப் பாத்து எனக்கே மிதிக்கணும்போல இருக்கு" என்றாள். சோபாவைச் சுவரோடு தள்ளினேன். டீப்பாயைக் கட்டிலுக்கு அடியில் விட்டேன். வாக்கர் மட்டைக்கு இடிக்கும் என்று அதைப் பால்கனியில் கொண்டுபோய் வைத்து, இருக்கட்டும் என்று அதன்மேல் என் ஈரத்துண்டைக் காயப்போட்டேன். உன் அக்காவைப் பத்திரமாகக் கூடத்தின் அந்தக் கோடியில், புத்தக அலமாரி ஓரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். எல்லாம் யோசித்தவன் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை, தரை அப்போதுதான் துடைத்தது. மட்டையைத் தூக்கினேன், முழங்காலை மடக்கினேன், கோச்சை நினைத்தேன், இருக்கிற பாரம் முழுவதையும் இடது காலில் இறக்கினேன். வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சரியாக மிதித்தேன். மெஷின் வழுக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனது. என் கால் அதோடு போனது. நான் வேறு பக்கம் போனேன். மட்டை பறந்துபோய்ச் சுவர்க் கடிகாரத்தை நிறுத்தியது, மூக்குக்கண்ணாடி சோபாவுக்கு அடியில். சாக்ஸ் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

மல்லாந்து கிடக்கிறேன், எதிரே எல்லாம் மங்கல். தலைமாட்டில் உன் அக்கா, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று, என் பரம்பரையையே இழுத்து ஒரு திட்டு திட்டினாள் பார், அதை இங்கே எழுத முடியாது, காகிதம் பொசுங்கிவிடும். நானும் விடாமல், "இடது எவ்வளவு காட்டுச்சு?" என்று கேட்டேன். "முள்ளு சுத்தி எல்லையைத் தாண்டிப் போச்சு. தாண்டின சந்தோஷத்துல நீங்களும் போயிட்டீங்க" என்றாள். அதற்குள் வாசல் மணி அடித்தது. அவள் போய்க் கதவைத் திறந்தாள். பல் டாக்டர். இன்றைக்குச் சீக்கிரம் திறந்துவிட்டாராம், பேஷன்ட் வாயை மூடியது மட்டுமல்ல, எழுந்து வீட்டுக்கே போய்விட்டாராம். இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னைத் தூக்கிக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டார்கள். சமையலறைக்கும் கட்டிலுக்குமாக உன் அக்கா வெந்நீர்ப் பையை நிரப்பிக் கொண்டுவந்து, மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு நடைக்கும் ஒரு வசவு வைத்தாள். குப்புறக் கிடக்கிறவன் என்ன பதில் சொல்ல முடியும்?

ஆகவே மச்சான், முடிவாகச் சொல்கிறேன். தரை திருப்பித் தள்ளுவது உண்மை. எனக்கு நிரூபணம் ஆகிவிட்டது, நிரூபணம் முதுகில் நீலமாக இருக்கிறது. இந்த விளையாட்டு இந்த வீட்டுக்கும் ஆகாது, அந்த டாக்டருக்கும் ஆகாது. இதனால் உன் அக்காவுக்கு எள்ளளவும் பிரயோஜனம் இல்லை, அவளைக் கவனிக்க வேண்டிய நானும் படுத்துவிட்டேன். நாளையிலிருந்து அவள் இடது பக்கம் யார் நடப்பது? அதை நினைத்தால்தான் எனக்கு வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வா, பையை எடு, சாப்பிட்டுவிட்டுப் போ. உன் மனைவிக்கு என் அன்பு. பெரியவனுக்குப் படிப்பும் சின்னவளுக்குத் தூக்கமும் நன்றாக வரட்டும். உன் முழங்கால்கள் நீ சாகிறவரை உன் பேச்சைக் கேட்கட்டும், இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கைப்பிடித்தவன், தற்சமயம் கவிழ்ந்திருப்பவன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. கடிதத்தை உறையில் போடும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. உன் அக்கா பால்கனிக்கு நடக்கிற நேரமாயிற்றே என்று, கட்டிலைப் பிடித்து, கதவைப் பிடித்து, ஒருவழியாக எழுந்து வாக்கரைத் தேடினேன். அது பால்கனியில், காலையில் நான் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. மேலே என் துண்டு, நான் போட்ட மடிப்பு கலையாமல், காய்ந்து விறைத்துப்போய். அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, கடிகாரம்தான் நின்றுவிட்டதே. அந்தக் கோடியிலிருந்து என் தலைமாட்டுக்கு வந்தாள். இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். கதவைத் திறந்தாள். என்னைத் தூக்கினாள். வெந்நீர்ப் பையோடு எத்தனை நடை நடந்தாள். எல்லாவற்றையும் நானே இந்தக் கையால் மேலே எழுதியிருக்கிறேன், எழுதும்போதுகூட மண்டையில் ஏறவில்லை. இத்தனை மாதம் கண்கொட்டாமல் பார்த்தவன், நடந்தபோது பார்க்கவில்லை.

உள்ளே போய், "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "விழுந்தீங்களேன்னு ஓடிவந்தப்போ தெரியல. கதவைத் திறந்தப்போதான் கையில ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சுது" என்றாள். "ஏன் சொல்லல?" என்றேன். "சொன்னா மறுபடியும் பாக்க ஆரம்பிச்சிடுவீங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மச்சான். முதுகுவலி என்று சொல்லிச் சமாளித்தேன், அவள் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா, ஆனால் பையைத் தொட்டால் கை இருக்காது. வரும்போது ஒரு சுவர்க் கடிகாரமும், வழுக்காத ரப்பர் பாயும் வாங்கி வா. கோச்சிடம் போன் பண்ணி, அடுத்த வாரம் இரண்டு பேர் வருகிறோம் என்று சொல்லியாயிற்று. இப்போது உன் அக்கா கூடத்தில் அந்த இரண்டு மெஷின்மேலும் ஏறி நிற்கிறாள், கையில் உன் மட்டை. மெஷினுக்கு அடியில் என் துண்டை விரித்திருக்கிறேன். இடது கால் இருபத்தாறு காட்டுகிறது, அதை மட்டும் உனக்கு எழுதலாமாம். வலது காலின் கணக்கை எழுதினால் கூட்டிப் பார்த்து மொத்தத்தைக் கண்டுபிடித்துவிடுவாய், ஆகவே அது கூடாதாம். நான் அவளைப் பார்க்கவில்லை. முள்ளை மட்டும்தான் பார்த்தேன். அது நின்ற பிறகுதான் எழுதுகிறேன்.